குழந்தை வாசிக்கும்போது எங்கே தடுக்குகிறது? தப்பைக் கேட்டுச் சரிசெய்யும் முறை

குழந்தை வாசிக்கத் திணறினால் வீட்டில் முதலில் வரும் வைத்தியம் ‘திரும்பப் படி’ என்பதுதான். மூன்றாவது தடவையும் தடுக்கினால் நம் குரல் உயரும், குழந்தையின் கண் கலங்கும், அன்றைய வாசிப்பு அதோடு முடியும். என் மூத்த மகளுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் நான் செய்தது இதைத்தான். அவளுக்கு வரவில்லை என்பதைப் பார்த்தேனே தவிர, என்ன வரவில்லை என்று பார்க்கவில்லை. அப்புறம் மாலை நேரங்களில் வேறு பல குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. ஒவ்வொரு குழந்தையும் வேறுவேறு இடத்தில் மாட்டிக்கொள்கிறது, அந்த இடம் எது என்பதை அது செய்யும் தப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஐந்து முதல் எட்டு வயதுவரை உள்ள குழந்தைகள் தமிழ் வாசிக்கப் பழகும்போது நான் பார்த்த சிக்கல்களை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் உள்ள சோதனையைச் செய்துவிட்டு, உங்கள் குழந்தைக்குப் பொருந்தும் பகுதிக்குப் போங்கள்.

தொடங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

குழந்தை இதுவரை பார்க்காத ஒரு சிறு பத்தியை எடுங்கள். நாலைந்து வாக்கியம் போதும், பக்கத்தில் படம் வேண்டாம். வாசிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். திருத்தக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். அச்சில் ‘கொடி’ என்று இருப்பதைக் குழந்தை ‘கெடி’ என்றால், ‘கெடி’ என்றே எழுத வேண்டும். ‘தப்பாகப் படித்தான்’ என்று எழுதி வைப்பதில் பயனில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே ஆசிரியர்களுக்குப் பழக்கியது இந்த வழக்கத்தைத்தான். குழந்தை வாசிக்க வாசிக்க, அதன் வாயிலிருந்து வருவதை அப்படியே பதிவுசெய்ய வேண்டும்.

பத்தி வரவில்லையா? தனித்தனிச் சொற்களைக் காட்டுங்கள். அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகளைக் காட்டுங்கள். இந்தியாவில் கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை அளக்க 2005இல் தொடங்கிய அசர் ஆய்வும் இதே படிக்கட்டைத்தான் பயன்படுத்துகிறது: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. குழந்தை எந்தப் படியில் தயங்காமல் நிற்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் வயதுக்கு எந்தப் படி என்பது இப்போதைக்குத் தேவையில்லை.

அடுத்து, அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, ‘என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி சிக்கலை இரண்டாகப் பிரித்துவிடும். 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. அதில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். நீங்கள் வாசித்துக் காட்டும்போது கதையைச் சரியாகச் சொல்கிற குழந்தைக்குச் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. கேட்டும் புரியாத குழந்தைக்கு எழுத்தை எவ்வளவு தேய்த்தாலும் தீராது, கீழே ‘வந்தார்கள்’, ‘வந்தாங்க’ பற்றிய பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறது, நடுவில் ஒன்றைத் தொட்டால் விழிக்கிறது

‘ந’வைத் தொட்டுக் காட்டுங்கள். குழந்தை உதட்டுக்குள் ‘க, ங, ச, ஞ…’ என்று முதலிலிருந்து ஓடிவந்து ‘ந’ என்றால், அதற்குத் தெரிந்தது பாட்டுதான், எழுத்து இல்லை. அட்டவணையைச் சுவரில் மாட்டித் தினமும் ஒப்பிக்க வைக்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அட்டவணையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாகிற மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் எடுங்கள். ட, ப, ம மூன்றும் எழுதவும் எளிது, உடனே சொல்லும் கிடைக்கும்: படம், மடம், பட்டம், மட்டம். இதோடு கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. அ, ஆ வந்தால் அப்பா, அம்மா, ஆட்டம், ஆமாம். ஒரு வாரத்துக்குள் குழந்தை பத்துப் பன்னிரண்டு சொற்களை உண்மையாகவே வாசிக்கும். தான் வாசிக்கிறோம் என்று அதற்கே தெரிந்துவிட்டால், அடுத்த எழுத்தை அதுவே கேட்கும்.

247 எழுத்து என்று பயப்பட வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக மிச்சம் உள்ள 216ம் ஒரு முறைப்படி உருவாகுபவைதான். அதிலும் ங வரிசையில் ‘ங்’ தவிர மற்றவை புத்தகங்களில் அநேகமாக வருவதே இல்லை. ‘ஙூ’, ‘ஙௌ’ எல்லாம் எழுதவைத்து ஒரு மாலையைக் கெடுக்காதீர்கள். அதே சமயம் அவசரமும் கூடாது. இந்திய எழுத்து முறைகள் எல்லாமே குழந்தையிடம் முழுதாக வந்து சேர நாளாகும். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரையும், எழுத்துகளைக் கற்பது தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் நீள்கிறது என்றுதான் காட்டுகிறது. முதல் வகுப்பு முடிவதற்குள் எல்லாம் வந்தாக வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட கெடு.

அறிகுறி: எழுத்தெல்லாம் தெரியும், சொல்லாகச் சேரவில்லை

நான் பார்த்தவரை அதிகமான குழந்தைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

குழந்தை ‘படம்’ என்ற சொல்லைப் பார்க்கிறது. ‘ப… ட… இம்’ என்கிறது. ‘சேர்த்துச் சொல்லு’ என்றால் ‘படஇம்’ என்கிறது, இல்லையென்றால் அமைதியாகிவிடுகிறது. ‘அம்மா’வை ‘அ, இம், மா’ என்று வாசித்துவிட்டு, அது அம்மா என்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

இதில் குழந்தையின் தப்பு எதுவும் இல்லை. மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்வது கடினம் என்பதால் ‘இக், இங், இச்’ என்று முன்னால் ஓர் இகரத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்துக்குப் பெயர் சொல்ல அது சரி. ஆனால் அந்தப் பெயர் சொல்லுக்குள்ளே ஒலிப்பதில்லை, ‘படம்’ என்பதில் இகரமே கிடையாது. நாம் சொல்லிக்கொடுத்ததைக் குழந்தை அப்படியே நேர்மையாகச் செய்கிறது, அதனால்தான் மாட்டிக்கொள்கிறது.

சரி, எப்படி மாற்றுவது? புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக வாசிக்கவே விடாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டி ஒரே அடியாகச் சொல்ல வையுங்கள். அம்-மா. பட்-டம். பாப்-பா. பென்சிலால் ‘அம்’ இரண்டுக்கும் கீழே ஒரு வளைவு போட்டால், குழந்தையின் கண் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும். இதற்கென்றே ஒரு விளையாட்டு உண்டு. ‘க’ எழுதிய அட்டை ஒன்று, அதற்கு வாலாக ண், ல், ம், ட் எழுதிய சிறு அட்டைகள். வாலை மாற்ற மாற்றக் குழந்தை கண், கல், கம், கட் என்று சொல்ல வேண்டும். கடைசி இரண்டும் முழுச் சொல் இல்லைதான், பரவாயில்லை, ‘கம்பு’ம் ‘கட்டு’ம் பின்னால் வரும்போது கைகொடுக்கும். தினம் ஐந்து நிமிடம், ஒரு வாரம். பெரும்பாலான குழந்தைகளிடம் ‘இம்’ போய்விடும்.

இரண்டாவது மாற்றம் சேர்க்கும் விதத்தில். ‘ப, ட, ம்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் சேர்க்கச் சொன்னால், மூன்றாவதற்கு வருவதற்குள் முதலாவது நினைவிலிருந்து நழுவிவிடும். சின்னக் குழந்தையின் நினைவு அவ்வளவுதான் தாங்கும். அதனால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்: ‘ப’, ‘பட’, ‘படம்’. சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடி, எழுத்து எழுத்தாகத் திறந்தால் இது தானாக நடக்கும்.

இரண்டும் செய்தும் சேரவில்லையா? புத்தகத்தை மூடிவிட்டுக் காதைச் சோதியுங்கள். ‘மா… டு. என்ன சொன்னேன்?’ என்று கேளுங்கள். ‘மு… யல்.’ ‘குதி… ரை.’ காதால் கேட்டே சேர்க்க முடியாத குழந்தை கண்ணால் பார்த்து எப்படிச் சேர்க்கும்? இந்தக் குழந்தைகளுக்குச் சில வாரம் எழுத்தில்லாத ஒலி விளையாட்டுதான் மருந்து. ‘தலைமுடியில் தலையை எடுத்துவிட்டால் என்ன?’ முடி. ‘மாமரத்தில் மாவை எடுத்தால்?’ மரம். இது வந்தபின் இன்னும் நுணுக்கமாக: ‘கல்லில் க-வுக்குப் பதில் ப வைத்தால்?’ பல். நடக்கும்போது, குளிப்பாட்டும்போது, விளக்கை அணைத்தபின் இருட்டில் படுத்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் விளையாடலாம். புத்தகம் கையில் இல்லாததால் குழந்தைக்கும் பயம் இருக்காது.

அறிகுறி: கொம்பு, கால், சுழி வந்தால் தடுமாறுகிறது

முதலில் எந்தக் குறியில் என்று பிரித்துப் பாருங்கள். நோட்டில் எழுதிவைத்தது இங்கேதான் உதவும்.

‘கொடி’யைக் ‘கெடி’ என்றோ ‘கெரடி’ என்றோ வாசிக்கும் குழந்தை இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் போகிறது. கொம்பு இடது பக்கம் நிற்கிறது, ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது, அந்தக் கால் ‘ர’ போலவும் தெரிகிறது. கொம்பைக் கண்டதும் வாயைத் திறக்காமல், எழுத்தைத் தாண்டி வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். ‘கொம்பு இருந்தால் எட்டிப் பார்’ என்றே நான் சொல்வேன். கெ, கொ இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் செடி, சொல், பெட்டி, பொட்டு என்று மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ‘ௌ’ வரும் சொற்கள் மிகக் குறைவு. அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம்.

‘பல்’லைப் ‘பால்’ என்பதும் ‘படம்’ என்பதைப் ‘பாடம்’ என்பதும் வேறு சிக்கல். குறில், நெடில் வேறுபாடு காதில் விழுகிறதா என்று பாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்லக் குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை நீட்டி ஓர் இழுப்பு. காதில் சரியாக விழுந்து கண்ணில் மட்டும் தவறினால், காலுக்கும் இரட்டைக் கொம்புக்கும் வண்ணம் தீட்டிச் சில நாள் வாசிக்க வையுங்கள், போதும். எகரத்திலும் ஒகரத்திலும் குழந்தை தவறினால் கோபப்படாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிக்கும்வரை, ஓலைச்சுவடிகளில் அந்தக் குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருந்தன. கற்ற பெரியவர்களே இடம் பார்த்துத்தான் வாசித்தார்கள்.

உகர, ஊகார வரிசைக்கு ஒரே குறி கிடையாது, அதனால் ‘விதி’ என்று சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் குடும்பமாகப் பிரிக்கலாம். சு, பு, யு, வு நான்கும் கீழே கோடு இறக்கியவை. டு, மு, ரு, ழு, ளு கீழே வளைந்தவை, ‘கு’வையும் இதோடு வைத்துக்கொள்ளலாம். ணு, து, நு, லு, று, னு வளைந்து மேலே ஏறுபவை, இவற்றின் நெடிலுக்குப் பக்கத்தில் ஒரு கால் வந்துவிடும். ‘கூ’ தனி ஆள். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும்.

வீட்டில் பழைய புத்தகங்கள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் லை, னை, ணா, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். குழந்தை அங்கே நின்றால் அது குழந்தையின் பிழை இல்லை. அந்த எழுத்தை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள்.

அறிகுறி: ல, ள, ழ, ண, ன, ந, ர, ற குழம்புகின்றன

இதற்காக வாசிப்பை நிறுத்த வேண்டாம். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ போலச் சொன்னாலும், அது பள்ளிக்கூடம் என்று குழந்தைக்குப் புரிந்திருந்தால் கதை முடியட்டும். அப்புறம் அந்தச் சொல்லுக்குத் திரும்பிவந்து, நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று காட்டலாம். இது எழுத்துப் பிழையாகத்தான் பின்னால் வரும். அதற்கு நிறைய வாசிப்பும் எழுதிப் பழகுவதும்தான் வழி.

வடிவம் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் வேறு. ண-வும் ன-வும் சுழியின் எண்ணிக்கையில் மாறுகின்றன. எ-வும் ஏ-வும் ஒரு சிறு கோட்டில். இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொடுக்காதீர்கள். ஒன்று நன்றாக ஊறி இரண்டு வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: எழுத்துக்கூட்டிச் சரியாகச் சொல்கிறது, ஆனால் அது என்ன சொல் என்று தெரியவில்லை

‘தங்கம்’ என்பதில் உள்ள க-வைக் ‘கல்’லில் வரும் க போல அழுத்திச் சொல்லும். ‘பகல்’ என்பதிலும் அதே அழுத்தம். எல்லாம் கேட்டுவிட்டு ‘அப்படி ஒரு சொல்லா?’ என்று பார்க்கும்.

தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்பக் குரல் மாற்றும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் க வலிமையாக இருக்கும், ங்-க்குப் பின்னால் அதிரும், இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலியும். ‘பட்டு’, ‘பாடு’, ‘பண்டம்’ மூன்றிலும் ட ஒன்றல்ல. ‘சட்டை’யின் ச-வும் ‘பச்சை’யின் ச்ச-வும் ‘பஞ்சு’வில் வரும் ச-வும் வேறுவேறு. ‘காற்று’, ‘கன்று’ இரண்டும் எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாதவை. இதைக் குழந்தைக்கு விதியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பேசும்போது அது சரியாகத்தான் சொல்கிறது. ‘நீ சொன்னது போல ஒரு சொல் உனக்குத் தெரியுமா? கொஞ்சம் மெதுவாக்கிப் பார்’ என்று கேட்டால் போதும், ‘ஓ, தங்கம்!’ என்று வரும். எழுத்து தருகிற ஒலியைக் காது அறிந்த சொல்லோடு ஒட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒரு தனித் திறமை, பழகப் பழகத்தான் வரும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ற்ற, ன்ற என்ற ஏழு சேர்க்கைகளையும் ஒரே துண்டாகக் காட்டிப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: முதல் எழுத்தைப் பார்த்ததும் ஊகித்துவிடுகிறது

‘குதிரை’ என்று இருக்கும், படத்தில் குட்டி இருக்கும், ‘குட்டி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். சில குழந்தைகள் புத்தகம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும். படத்தை மூடினால் நின்றுவிடும்.

படத்தையும் சூழலையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லிக்கொடுப்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில் பல பத்தாண்டுகள் ஒரு பயிற்றுமுறையாகவே இருந்தது. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்றுக்கொடுப்பதே குழந்தைக்கு உதவுகிறது என்று சொன்னது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு இதற்கென்றே ஒரு சோதனை நடக்கிறது. அதில் பொருளில்லாத சொற்களும் இருக்கும். ஊகித்தால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் அதன் நோக்கம். இதை நாமும் செய்யலாம். ‘டமாபு’, ‘லிகோட்’ என்று நான்கைந்து வேற்றுகிரக மிருகங்களுக்குப் பெயர் வைத்து எழுதிக்கொடுங்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கடைசி எழுத்துவரை பார்ப்பார்கள்.

வாசிக்கும்போது ஊகித்தால் ‘தப்பு’ என்று சொல்லாமல், விரலைச் சொல்லின் கடைசி எழுத்தில் வையுங்கள். ‘இது என்ன?’ அவ்வளவே. படத்தை வெறுக்க வைக்காதீர்கள். முதலில் வரி, அப்புறம் படம்.

அறிகுறி: ‘வந்தார்கள்’ என்று இருப்பதை ‘வந்தாங்க’ என்கிறது

இது பிழையே இல்லை. குழந்தை எழுத்தைப் படித்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வாய்மொழியில் சொல்லிவிட்டது. பாராட்ட வேண்டிய இடம். ‘ஆமாம், அதேதான். புத்தகத்தில் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் பார்’ என்று காட்டுங்கள்.

கவலைப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான குழந்தையைப் பற்றி. ‘வந்தார்கள்’, ‘இருக்கிறது’, ‘பார்க்கவில்லை’ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரியாக வாசித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் இருக்கும். அதன் காதில் விழுந்த தமிழ் ‘இருக்கு’, ‘பாக்கல’. புத்தகத்தின் தமிழை அது கேட்டதே இல்லை. நாம் வாசிக்கும்போது கண் பார்த்ததைக் காதுக்குத் தெரிந்த ஒன்றோடு பொருத்துகிறோம், இந்தக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்க எதுவும் இல்லை. பத்து நிமிடச் சோதனையில் கேட்டும் புரியாமல் போனவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

மருந்து ஒன்றுதான்: தினமும் பதினைந்து நிமிடம் நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டும். கதையை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். பலர் அன்போடு, வாசிக்கும்போதே பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லிவிடுவார்கள். கதை புரியும், ஆனால் எழுத்துத் தமிழ் குழந்தையின் காதில் ஏறாது. ஒரு வாக்கியத்தை உள்ளபடி வாசித்து, தேவைப்பட்டால் பேச்சில் ஒரு முறை சொல்லி, மறுபடி உள்ளபடி வாசியுங்கள். ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள், அந்தப் பத்தாவது தடவையில்தான் குழந்தை ‘இருந்ததாம்’ என்று தானே முடிக்கும். குழந்தை தானாக வாசிக்கத் தொடங்கிய பின்னும் இதை நிறுத்தாதீர்கள். அதன் கண் எட்டும் கதையைவிடக் காது எட்டும் கதை பல ஆண்டுகள் முன்னே ஓடும்.

அறிகுறி: தப்பில்லை, ஆனால் ஊர்ந்து போகிறது, நீளமான சொல்லில் நின்றுவிடுகிறது

‘திரும்பப் படி’ என்பது உண்மையில் பலன் தரும் ஒரே இடம் இது. அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் விவரித்த முறை: சிறிய, ஏற்கெனவே சரியாக வாசிக்க முடிகிற ஒரு பகுதியை எடுத்து, சரளம் வரும்வரை சில தடவை வாசிப்பது. முதலில் நீங்கள் வாசித்துக்காட்டுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, அப்புறம் குழந்தை தனியாக. எழுத்தே தடுமாறும் குழந்தைக்கு இதைச் செய்தால் தப்புதான் திரும்பத் திரும்பப் பழகும். என் மகளிடம் நடந்தது அதுவே.

நீளமான சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டாமல், கட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். எழுதி. எழுதிக்கொண்டு. எழுதிக்கொண்டிருந்தாள். அதேபோல மரம், மரத்தில், மரத்திலிருந்து. தமிழில் சொல்லின் வால்கள் திரும்பத் திரும்ப வருபவை. ‘கிறான், கிறாள், கிறது, ஆர்கள், இலிருந்து, உடைய’ ஆகியவை ஒரே பார்வையில் அடையாளம் தெரிந்துவிட்டால், சொல்லின் தலையை மட்டும் வாசித்தால் போதும். வரி தவறினால் கீழே ஓர் அட்டையை வைத்து நகர்த்தட்டும். விரல் வைத்து வாசிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அறிகுறி: புத்தகத்தை எடுத்தாலே ஓடுகிறது

முதலில் புத்தகத்தின் கடினத்தைப் பாருங்கள். தோராயமாக இருபது சொல்லில் ஒன்று தவறினால் அந்தப் புத்தகம் சரியான அளவு. இரண்டுக்கு மேல் தவறினால் அதைக் குழந்தை தனியாக வாசிக்கக் கூடாது, நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். பல வீடுகளில் சண்டைக்குக் காரணம் குழந்தையின் மனம் அல்ல, கையில் கொடுத்த புத்தகம்.

அடுத்தது நேரம். ஏழு நிமிடம் சந்தோஷமாக வாசித்து நிறுத்துவது நாற்பது நிமிடப் போராட்டத்தைவிட மேல். தடுக்கும்போது மூன்று நான்கு நொடி காத்திருங்கள். அதற்குள் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். அண்ணன், அக்கா முன்னால் வாசிக்கச் சொல்லாதீர்கள். தம்பி தங்கைக்கோ பொம்மைக்கோ வாசித்துக்காட்டச் சொல்லலாம், அங்கே யாரும் திருத்த மாட்டார்கள்.

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால்

சில மாதம் தவறாமல் செய்தும், நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை, காதால் கேட்டும் ஒலிகளைச் சேர்க்க வரவில்லை, பேச்சும் தாமதமாகத்தான் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கோ வாசிப்புச் சிரமம் இருந்தது என்றால், காத்திருக்க வேண்டாம். முதலில் கண், காது இரண்டையும் மருத்துவரிடம் சோதியுங்கள். காதில் அடிக்கடி சளி கட்டும் குழந்தைக்கு ஒலிகள் மங்கலாகக் கேட்கும். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பயிற்சி பெற்றவரிடம் பார்க்க வேண்டும். அது அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. மேலே சொன்ன அதே பயிற்சிகள்தான், இன்னும் சிறு படிகளாக, இன்னும் அதிகத் தடவை தேவைப்படும். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். அவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் சேர்ந்தே அறிவித்திருக்கின்றன.

போகும்போது அந்த நோட்டை எடுத்துப்போங்கள். ‘சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறான்’ என்று சொல்வதைவிட, எந்தத் தேதியில் எந்தச் சொல்லை எப்படி வாசித்தான் என்ற நாலு பக்கம் அவர்களுக்கு அதிகம் சொல்லும்.